றம்பொடை ஏறிய குதிரைகள்

நுவரெலியா குதிரைப் பந்தயத்தைத் தொடங்கியவர் என்று ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லிவருகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் சிதறிப்போன ஒரு குடும்பமும், பெயரே இல்லாமல் போன ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளும் இருக்கிறார்கள்.

கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, றம்பொடையில் மலை செங்குத்தாக எழும் இடத்தில் ஒரு குதிரை வண்டி பள்ளத்தில் உருண்டது. 1840களின் கடைசிக் காலம். வண்டி பேர்க்ஸ் என்ற ஆங்கிலேயக் குதிரைக்காரனின் பொறுப்பில் வந்துகொண்டிருந்தது. அவன் பெரும் குடிகாரன். நுவரெலியாவில் காத்திருந்த எசமானுக்கு அவன் எழுத்துப் பிழைகளோடு ஒரு கடிதம் அனுப்பினான். பள்ளம் அதிகமில்லை, எண்பது அடிதான் இருக்கும். குதிரைகள் எழுந்து நிற்கின்றன, ஆனால் நிலைமை மோசம். வண்டி தலைகீழாகக் கிடக்கிறது. அக்கம்பக்கத்துத் துரை ஒருவர் இரக்கப்பட்டு நூறு பேருக்கு மேல் ஆள் கொடுத்திருக்கிறார், ஆனால் அவர்களால் ஒரு பயனும் இல்லை என்பது கடிதத்தின் சாரம். அந்த நூறு பேரைக் குறிக்க அவன் போட்டிருந்த சொல்லை நான் இங்கே அச்சேற்ற மாட்டேன்.

எசமானின் பெயர் சாமுவேல் பேக்கர். அவர் இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, 1855இல் லண்டனில் வெளிவந்த தமது இலங்கை நினைவு நூலில் வாசகர்கள் சிரிப்பதற்காக அப்படியே சேர்த்தார். நூலைப் படித்தவர்கள் பேர்க்ஸை நினைவில் வைத்துக்கொண்டார்கள். மலைச்சரிவில் இறங்கி, வண்டிக்கடியில் தோள் கொடுத்த அந்த நூறு பேரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அவர்கள் யார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. புசல்லாவை, றம்பொடைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் அந்த ஆண்டுகளில் கூலிக்கு நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே கண்டிச் சீமைக்கு வந்த தமிழர்கள். இன்று றம்பொடை அனுமன் கோயிலுக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் அதே மலைச்சரிவுதான். இலங்கையின் மிகப் பெயர்பெற்ற குதிரைப் பந்தய மரபு இந்த வழியாகத்தான் மேலே ஏறியது.

ஒவ்வோர் ஏப்ரலிலும், புத்தாண்டை ஒட்டி, நுவரெலியா நிரம்பி வழிகிறது. கொழும்பிலிருந்து கார்கள் சாரைசாரையாக வருகின்றன. பந்தயத் திடலில் கவர்னர் கிண்ணத்துக்கான ஓட்டம் நடக்கிறது. தொப்பி அணிந்த சீமாட்டிகளைப் பத்திரிகைகள் படம் பிடிக்கின்றன. அப்போது வெளியாகும் ஒவ்வொரு விளம்பரமும், ஒவ்வொரு சுற்றுலாக் குறிப்பும் ஒரே வரலாற்றைச் சொல்லும்: இங்கே பந்தயத்தைக் கொண்டுவந்தவர் ஜோன் பேக்கர், புகழ்பெற்ற சேர் சாமுவேல் பேக்கரின் சகோதரர், இங்கிலாந்திலிருந்து உயர்சாதிக் குதிரைகளை இறக்கி, அவற்றைப் பழக்க ஓடுதளம் அமைத்தார்.

இது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் முழுமையானதும் அல்ல. சில குறிப்புகள் இதை 1840ஆம் ஆண்டுக்கே கொண்டுபோய்விடுகின்றன. அந்த ஆண்டில் பேக்கர் குடும்பத்தார் ஒருவர்கூட இலங்கையில் கால் வைத்திருக்கவில்லை. சாமுவேல் முதன்முதலில் இங்கே வந்ததே 1846இல். கொழும்பில் காலிமுகத்திடலை ஒட்டி வெள்ளை அதிகாரிகள் அதற்கு முன்பே பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஜோன் பேக்கரை இலங்கைக் குதிரைப் பந்தயத்தின் தந்தை என்பது மிகை. மலைநாட்டுப் பந்தயத்தின் முதல்வர் என்றால் ஏற்கலாம். அதையும் அவருக்கு மட்டும் கொடுப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

பேக்கர்களின் செல்வம் கரும்பிலிருந்து வந்தது. தந்தை ஜமைக்காவிலும் மொரீஷியஸிலும் தோட்டங்கள் வைத்திருந்த வணிகர். 1843 ஆகஸ்டில் சாமுவேலும் ஜோனும் ஒரே நாளில், ஒரே பாதிரியாரின் இரண்டு மகள்மாரை மணந்தார்கள். அடுத்த ஆண்டு தந்தையின் தோட்டத்தை நடத்த மொரீஷியஸ் போனார்கள். அங்கே அடிமை முறை 1835இல் ஒழிந்திருந்தது. அடிமைகளின் இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக இறக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. இலங்கைக்கு வருமுன்பே பேக்கர் குடும்பத்துக்குத் தமிழ் உழைப்பு அங்கே அறிமுகமாகிவிட்டது.

சாமுவேல் இலங்கைக்கு வந்தது யானை வேட்டைக்கு. காட்டுக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் போட்டது. உடம்பு தேற நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் குளிரும் காற்றும் சில நாட்களில் அவரை எழுப்பிவிட்டன. ஆள்நடமாட்டம் குறைந்த அந்த மேட்டுநிலத்தைப் பார்த்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கினால் என்ன? தேவாலயம், கொல்லுப் பட்டறை, கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, வேட்டை நாய்கள், குதிரை எல்லாமே சேர்ந்த ஒரு கிராமம்.

அரசாங்கம் ஏக்கர் ஒரு பவுணுக்கு நிலம் விற்றது. அந்த நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்த கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாக அந்தக் காடுகளை நம்பியிருந்த கண்டிச் சிங்கள விவசாயிகளிடம் காட்ட எந்தத் தாளும் இல்லை. காடு கைமாறியது. வெள்ளைத் துரைமாருக்கு விற்கப்பட்டது. கோப்பி எழுந்தது.

1848இல் அந்தக் கோபம் வெடித்தது. ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி போட்டார், கடைக்கு வரி போட்டார், நாய்க்கும் வரி போட்டார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலைக்கு வரவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்றார். ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளை கொதித்தது. கண்டியில் இராணுவச் சட்டம் அமுலானது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவன் வீர புரன் அப்பு கண்டி போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடையோடு ஒரு பிக்குவும் சுடப்பட்டார்.

அதற்கு அடுத்த மாதம், 1848 செப்டம்பரில், ‘ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக்’ என்ற கப்பல் பேக்கரின் குடியேற்றக்காரர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், அவர்களுடைய குடும்பங்கள், நவீனக் கலப்பைகள், மரம் அறுக்கும் ஆலைக்கான பொறிகள், விதைகள், டர்ஹாம் இனப் பசு ஒன்று, காளை ஒன்று, மூன்று செம்மறிக் கடாக்கள், ஒரு கூட்டம் வேட்டை நாய்கள். நாய்க்கு வரி என்றதற்காக ஒரு நாடு கிளர்ந்தெழுந்து அடங்கிய சில வாரங்களில், அதே நாட்டின் காடுகளில் மானை விரட்ட நாய்கள் கப்பலேறின. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அக்காலக் கண்டியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

அதே கப்பலில் ஒரு குதிரையும் வந்தது. உயர்சாதிப் பொலிக்குதிரை. இங்கிலாந்தின் பெரும் பந்தயங்களில் ஒன்றான சென்ற் லெஜரை 1839இல் வென்ற ‘பன்னிரண்டாம் சார்ள்ஸ்’ என்ற குதிரையின் வாரிசு. உழவுக்கு இத்தகைய குதிரை தேவையில்லை. வண்டி இழுக்கவும் யாரும் இதை வாங்கமாட்டார்கள். பந்தய இரத்தத்தை மலைநாட்டில் விதைக்கும் எண்ணம் அந்தக் குடும்பத்துக்குத் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு என் பார்வையில் இதைவிடப் பலமான சாட்சி தேவையில்லை. குதிரையை விலைக்கு வாங்கியவர் சாமுவேல். பந்தயத்தை அமைத்தவர் என்று வரலாறு பெயர் சொல்வது ஜோனை. இரண்டையும் ஒரு குடும்பத்தின் செயலாகக் கொள்வதே நியாயம்.

இலங்கைக்குக் குதிரை புதிதல்ல என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அந்த வெயிலில் மேய்கின்றன. ஆனால் ஆறாயிரம் அடி உயரத்தில், உறைபனி விழும் நிலத்தில், ஐரோப்பியக் குதிரையை வளர்த்து ஓட்டுவது வேறு காரியம்.

கொழும்பிலிருந்து நுவரெலியா 100 மைலுக்கு மேல். கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி, பேராதனையில் கண்டி வீதியை விட்டுப் பிரிந்து, கம்பளை, புசல்லாவை வழியாக றம்பொடைக்கு வந்தால் அதற்குப் பிறகு ஏற்றம் மட்டும்தான். ரயில் கண்டியை எட்டியதே 1867இல். நானுஓயாவுக்கு 1885இல்தான் வந்தது. அதற்கு முந்திய காலத்தில் மேலே போன ஒவ்வொரு குதிரையும் கால்நடையாகவும், ஒவ்வொரு பியானோவும், ஒவ்வொரு மூட்டை விதையும் மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும் தான் போயின.

பேக்கரின் படையெடுப்பு அந்த ஏற்றத்திலேயே நொறுங்கத் தொடங்கியது. பெருஞ்செலவில் கொண்டுவந்த டர்ஹாம் பசு மேலே போய்ச் சேராமல் வழியிலேயே செத்தது. வண்டி உருண்டது. உருண்ட வண்டிக்காக அனுப்பப்பட்ட யானையை அதே பேர்க்ஸ் மலைப்பாதையில் ஓட ஓட விரட்டினான். அது களைத்து விழுந்து செத்தது. பிறகு கொள்ளைநோய் வந்து இருபதுக்கும் மேற்பட்ட உழவு மாடுகளைக் கொண்டுபோனது. அவுஸ்திரேலியாவிலிருந்து வாங்கிய குதிரைகளும் மாண்டன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. கதிர்களை மானும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன. கறுத்துச் செழித்துத் தெரிந்த மண், எருவில்லாமல் ஒன்றும் தராத மண் என்று பிறகுதான் தெரிந்தது.

சாமுவேல் சளைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். யானையைக் கட்டி உழுதார். எரு போட்டார். பியர் காய்ச்சினார், நுவரெலியாவின் பியர் வடிப்பு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1852இல் அங்கே தேவாலயம் எழுந்து திருநிலைப்படுத்தப்பட்டது. மகாகஸ்தோட்டைப் பண்ணை உருவானது. ஆனால் காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, வாய்க்கால் கட்டி, கல் பொறுக்கியவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். குடியேற வந்த ஆங்கிலேயரோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; சாமுவேல் கனவு கண்ட ஆங்கிலக் கிராமம் அவர்களால் உருவாகவில்லை.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே குதிரைதான் நிலைத்தது. கோதுமை தோற்றது, மாடு தோற்றது, குடியேற்றம் தோற்றது. ஜோனின் ஓடுதளம் மட்டும் மரபாக வேரூன்றியது. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. கண்டி, கம்பளை, புசல்லாவை, டிம்புள்ளை, ஊவா என்று சிதறிக்கிடந்த கோப்பித் துரைமாருக்கு ஒன்றுகூட ஓர் இடம் வேண்டியிருந்தது. தனிமை அவர்களை வாட்டியது. பக்கத்துத் தோட்டத்துத் துரையைப் பார்க்க ஒரு பகல் முழுக்கக் குதிரையில் போகவேண்டும். எப்படியும் எல்லோரிடமும் குதிரை இருந்தது. குளிர் இருந்தது. குடி இருந்தது. பந்தயம் என்று ஒன்று இருந்தால் எல்லோரும் வருவார்கள். வந்தார்கள்.

பேக்கர் குடும்பத்துக்கு அந்த மலை நன்மை செய்யவில்லை. சாமுவேலின் பிள்ளைகளில் சிலர் சிறு வயதிலேயே இறந்தார்கள். காய்ச்சல் அவரை மீண்டும் மீண்டும் பிடித்தது. 1855இல் குடும்பத்தோடு இலங்கையை விட்டார். அந்த ஆண்டு முடியுமுன்பே, டிசம்பரில், பிரான்சின் மலையூர் ஒன்றில் அவருடைய மனைவி ஹென்றியற்றா காய்ச்சலில் இறந்தார். எஞ்சியிருந்த நான்கு பெண் குழந்தைகளையும் சகோதரியிடம் விட்டுவிட்டு சாமுவேல் அலையத் தொடங்கினார். 1859இல் இன்றைய பல்கேரியாவில் உள்ள விடின் நகரின் அடிமைச் சந்தையில் புளோரன்ஸ் என்ற இளம் பெண்ணைக் கண்டு மீட்டுக்கொண்டுபோனார். பின்னாளில் அவளையே மணந்தார். இருவரும் நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போய் 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டார்கள். சாமுவேல் ‘சேர்’ ஆனார். அடிமை வியாபாரத்தை அடக்க எகிப்திய ஆட்சியாளரால் தென் சூடானுக்கு அனுப்பப்பட்டார். ஆனாலும் விக்டோரியா மகாராணி புளோரன்ஸைக் கடைசிவரை அரசவையில் ஏற்கவில்லை. கரும்புத் தோட்டக் காசில் வளர்ந்தவர், கூலி உழைப்பில் பண்ணை கட்டியவர், பிற்காலத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராக நின்றார். மனிதர் ஒரே நிறத்தில் இருப்பதில்லை; அவரை முழு வில்லனாகவோ முழு வீரராகவோ எழுத என்னால் முடியாது.

ஹோட்டன் சமவெளிக்குப் போகும் நம் பிள்ளைகள் பேக்கர் அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பேக்கர் இவர்தான்.

இன்னொரு சகோதரர் உண்டு. வலன்டைன் பேக்கர். அண்ணன்மாரோடு இலங்கைக்கு வந்து, 1848இல் இலங்கை ரைபிள் படையில் சேர்ந்தவர். குதிரை தான் அவருக்கு உயிர். இங்கிருந்து ஈட்டிக் குதிரைப்படைக்கு மாறி, கிரிமியப் போரைப் பார்த்து, பிறகு பத்தாம் ஹுசார் குதிரைப்படையின் தளபதியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். பிரித்தானியக் குதிரைப்படையின் மிகத் திறமையான அதிகாரிகளில் ஒருவர் என்று பெயர் எடுத்தார். வேல்ஸ் இளவரசர் அவருடைய நண்பர்.

1875 ஜூன் 17. லண்டனுக்குப் போகும் ரயிலின் மூடிய பெட்டியில் 22 வயது இளம் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். வலன்டைன் அவளிடம் அத்துமீறினார். அவள் அலறியும் ரயில் நிற்கவில்லை. ஓடும் ரயிலின் கதவைத் திறந்து, வெளிப்படியில் தொங்கியபடியே மைல் கணக்கில் பயணம் செய்து உயிரையும் மானத்தையும் காத்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் நின்று சாட்சியும் சொன்னாள். அந்தக் காலத்தில், அத்தனை பெரிய மனிதருக்கு எதிராக அப்படி நின்ற அந்தப் பெண்ணின் துணிவைத்தான் இந்தக் கதை முழுவதிலும் நான் பெரிதாக மதிக்கிறேன். வலன்டைனுக்கு ஓராண்டுச் சிறையும் 500 பவுண் தண்டமும் கிடைத்தன. படையிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு துருக்கியப் படையில் சேர்ந்து போரிட்டார், எகிப்தில் காவல்படையை நடத்தினார், 1884இல் சூடானில் எல் தெப் என்னும் இடத்தில் படுதோல்வி கண்டார். 1887இல் எகிப்திலேயே இறந்தார்.

நுவரெலியாப் பந்தயத் திடல் முறையாகத் தொடங்கிய ஆண்டாகச் சொல்லப்படுவதும் 1875தான். ஜிம்கானா கழகம் அதை நடத்தியது. குடும்பத்தில் ஒருவரின் பெயர் இங்கிலாந்து நீதிமன்றத்தில் நாறிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அந்தக் குடும்பம் மூட்டிய பொழுதுபோக்கு இங்கே கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியது.

கலங்கிய வாழ்க்கை வாழ்ந்தவர்கள் பெரிய பந்தய மரபுகளைத் தொடங்கியது இங்கு மட்டும் நடந்ததல்ல. மெல்பேர்ண் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை அவுஸ்திரேலியாவே வேலையை நிறுத்திப் பார்க்கும் பந்தயம். 1861இல் அது பிறக்க முன்னின்றவர் கப்டன் பிரெடெரிக் ஸ்ரான்டிஷ். பந்தயச் சூதில் சொத்தை இழந்து, கடன்காரர்களுக்குத் தப்பி 1852இல் பெயரை மாற்றிக்கொண்டு கப்பலேறிய மனிதர். தங்கம் தோண்டிப் பார்த்தார். கடைசியில் விக்டோரியாக் குடியேற்றத்தின் காவல்துறைத் தலைவராகவே ஆகிவிட்டார். பதவி விலகிய பிறகு, கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் கும்பலைப் பிடிப்பதில் காட்டிய மெத்தனத்துக்காகக் கண்டனமும் வாங்கினார். சூதே அவரை நாடுகடத்தியது. அந்தச் சூதையே அவர் ஒரு நாட்டின் திருவிழாவாக்கினார்.

இந்த ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரான்டிஷின் சூதையும் கடனையும் அவர்கள் ஒளிக்கவில்லை. அவுஸ்திரேலிய வரலாற்று நூல்கள் அவற்றை வெளிப்படையாகவே பேசுகின்றன. நாம் ஜோன் பேக்கர் என்ற பெயரை ஒரு பித்தளைத் தகடு போலத் துடைத்து மாட்டிவைத்திருக்கிறோம். அதன் பின்னால் இருந்த கரும்புத் தோட்டம், முடிக்குரிய நிலச் சட்டம், கவிழ்ந்த வண்டி, செத்த யானை, சிதறிய குடும்பம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நூறு பேர், அனைத்தையும் அழித்துவிட்டோம்.

குதிரை தானாக வளர்வதில்லை. விடியற்காலையில் எழுந்து கொட்டடியைக் கூட்டவேண்டும். கொள்ளு அவிக்கவேண்டும். வியர்வை ஆறும்வரை நடத்தவேண்டும், தேய்த்துவிடவேண்டும், குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கவேண்டும். குளிர்நாட்டு இரவில் போர்வை போர்த்தவேண்டும். வயிற்று வலி வந்தால் இரவு முழுக்கக் கூட நிற்கவேண்டும். துரை பக்கத்துத் தோட்டத்துக்குக் குதிரையில் போனால் குதிரைக்காரர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்து, திரும்பும்வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோப்பிக் காலத்திலும் அதன் பின் வந்த தேயிலைக் காலத்திலும் மலைநாட்டுத் துரைமாரின் கொட்டடிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் தமிழர்கள். பந்தய முடிவுகளைப் பதிவு செய்தவர்கள் குதிரையின் பெயரை எழுதினார்கள், அதன் தந்தைக் குதிரையின் பெயரை எழுதினார்கள், உரிமையாளர் பெயரை எழுதினார்கள், ஓட்டியவர் பெயரையும் எழுதினார்கள். குதிரைக்காரரின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இருக்கவில்லை.

குதிரைக்குத் தலைமுறை தலைமுறையாக வம்சாவளி உண்டு; அதை வளர்த்தவனுக்குப் பெயர்கூட இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் அளவிலான மலையகத் தமிழரிடம் ‘உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று காட்டு’ எனக் கேட்டது. காட்டத் தாள் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அதே காலத்தில் திடலில் ஓடிய ஒவ்வொரு குதிரைக்கும் அதன் தகப்பனைக் காட்டும் தாள் பத்திரமாக இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பந்தயத்தின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் 1893இல் ஹவ்லொக் பந்தயத் திடல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் அது விமானத் தளமானது. 1956இல் பண்டாரநாயக்க அரசின் காலத்தில் பந்தயம் நின்றது. கால் நூற்றாண்டு அமைதி. 1981இல் நுவரெலியாவில் மீண்டும் குதிரைகள் ஓடின. கொழும்புத் திடல் இன்று றக்பி மைதானம். ஆக நாட்டில் பந்தயம் என்றால் நுவரெலியாதான். ஓடும் குதிரைகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றன. ஓட்டுபவர்களிலும் இந்தியர் பலர்.

திடலில் ஓட்டம் நின்றிருந்த காலத்திலும் சூது நிற்கவில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். மலைநாட்டுச் சிறு நகரங்களில் புக்கி என்று சொல்லப்படும் பந்தயக் கடைகள் இருக்கின்றன. கண்ணால் காணாத இங்கிலாந்துக் குதிரைகள் மீது, தாளில் அச்சான பெயரைப் பார்த்து, உழைத்த காசைக் கட்டுகிறார்கள். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை போராடிய மக்களின் சட்டைப் பையிலிருந்து போகும் காசு அது. ஏப்ரல் திடலின் பளபளப்பைப் படம் பிடிக்கும் எங்கள் பத்திரிகைக்காரர்கள் ஒருமுறையாவது அந்தக் கடை வாசலில் நின்று, சம்பள நாளுக்கு மறுநாள் உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

குதிரையின் நிலையும் அப்படித்தான். நுவரெலியா நகர வீதிகளில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பார்க்காதவர் இல்லை. குப்பையைக் கிளறித் தின்கின்றன. இரவில் வாகனங்களில் மோதுகின்றன. கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பிள்ளைகளை ஏற்றி நாள் முழுக்க நடந்து களைத்த மட்டக்குதிரைகள், பயன் தீர்ந்ததும் விடப்படுகின்றன. மரபு மரபு என்று மார்தட்டுகிற நகரம், அந்த மரபைச் சுமந்த விலங்குக்கு முதுமையில் ஒரு கொட்டடியும் ஒரு பிடி புல்லும் கொடுக்கக் கடமைப்பட்டது. மாநகர சபையும் பந்தயக் கழகமும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏப்ரல் மாத வசூலில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். பெரிய காரியமே அல்ல.

என் தீர்ப்பு இது. ஜோன் பேக்கரின் பெயரை நீக்கவேண்டாம். அவர் செய்ததைச் செய்தார். ஆனால் பந்தயத் திடலின் வரலாற்றுப் பலகையில் அவருடைய பெயர் மட்டும் இருப்பது அநீதி. நிலம் எப்படி வந்தது என்பதும், 1848இல் கண்டியில் என்ன நடந்தது என்பதும், குதிரைகளை மலை ஏற்றியவர்களும் பராமரித்தவர்களும் யார் என்பதும் அதே பலகையில், மூன்று மொழிகளிலும் எழுதப்படவேண்டும். ஆண்டுதோறும் ஓடும் பல கிண்ணங்களில் ஒன்றுக்குக் குதிரைக்காரர் கிண்ணம் என்று பெயர் வைக்கவேண்டும்.

மலையக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பூட்டனோ துரை வீட்டுக் கொட்டடியிலோ பந்தயத் திடலிலோ வேலை செய்திருந்தால், அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும், அவர் வளர்த்த குதிரையின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும், இப்போதே எழுதிவையுங்கள். பழைய படம் இருந்தால் பிரதி எடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், மலையக வரலாற்றில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இதை ஒரு வேலையாக ஏற்று, கண்டி முதல் நுவரெலியா வரை லயன் லயனாகச் சென்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கொட்டடி வேலையை நேரில் கண்டவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.